பேருக்கு ஒரு ஆள்

"என்ன சம்முவத்தாயி, எல்லாரும் வேன்ல ஏறியாச்சு. நீ மட்டும் நிக்க?"

"ஒண்ணுமில்ல மொதலாளியம்மா."

"சேலை கலரு பிடிக்கலையா? பச்சை வேண்டாம்னா சொல்லு, உள்ள அரக்கு ஒண்ணு கெடக்கு."

"ஐயய்ய, அதெல்லாம் இல்லம்மா. பச்சை நல்லாத்தான் இருக்கு. எம் பேரு..."

"ம், சொல்லு. ஒம் பேருக்கு என்ன?"

வாசலில் வேன் ஆரன் அடித்தது. "ஏ சம்முவத்தாயி, வாரியா, இல்ல அங்கனயே குடியிருக்கப் போறியா?" என்று உள்ளிருந்து ஒருத்தி கத்தினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சேலையையும் சேவுப் பொட்டலத்தையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு நாளைக்குச் சொல்லுறேம்மா" என்று ஓடிவிட்டாள்.

அது போன தீபாவளிக்கு முந்தின நாள் நடந்த பேச்சு. பட்டாசுக் கம்பெனியைக் கூட்டிக் கழுவி மூடிவிட்டு, வேலை பார்க்கிற ஒன்பது பேரும் சாத்தூரில் இருக்கும் முதலாளி வீட்டுக்கு வந்து, சேலை வேட்டியும் ஆளுக்கொரு பொட்டலம் சேவும் வாங்கிப் போவது வழக்கம். அதை வீட்டம்மா கையால்தான் கொடுக்க வேண்டும் என்பது முதலாளி தனுஷ்கோடி வைத்த முறை. "கம்பெனி உம் பேர்லதான இருக்கு தங்கம். நீ குடுத்தாத்தான் ராசி" என்பார்.

பொன்னுத்தங்கத்துக்கு அந்தப் பேச்சு அப்போது பெரிதாகப் படவில்லை. சேலை பிடிக்கவில்லை, சொல்லக் கூச்சப்படுகிறாள், அவ்வளவுதான் என்று நினைத்தாள். அடுத்த தீபாவளிக்கு அவளுக்கு அரக்கு என்று மனசுக்குள் முடிச்சும் போட்டு வைத்தாள். இப்போது ஆடிக் காற்று ஜன்னலைப் போட்டு அடிக்கிற காலையில், ரசத்துக்கு மிளகு தட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்தப் பாதி வார்த்தை திரும்பத் திரும்ப வந்து எதிரே நின்றது. 'எம் பேரு...'

முந்தாநாள் கம்பெனியில் தீப்பிடித்துவிட்டது.

சாத்தூருக்கு மேற்கே கரிசல் காட்டுக்குள் இருந்தது கம்பெனி. எல்லாப் பக்கமும் வாசல் வைத்த சின்னச் சின்ன ஷெட்டுகள், ஒன்றை ஒன்று தொடாமல் எட்டி எட்டி நிற்கும். இடையில் வேப்பமரம், வெளியே சீமைக்கருவேலம். ஷெட்டுக்குள் செருப்புக் கூடாது, கொலுசு கூடாது, வழவழச் சேலை கூடாது. இரும்புச் சாமான் வாசல்படி தாண்டக் கூடாது. வெடி உப்பையும் கந்தகத்தையும் அலுமினியப் பொடியையும் கலந்த கலவைக்கு அங்கே மருந்து என்று பேர். புஸ்வாணப் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவர்களின் கை சாயங்காலம் ஆகும்போது முழங்கை வரை வெள்ளி பூசினது போல் இருக்கும். எம்புட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் மினுக்கம் போகாது. பொன்னுத்தங்கம் அந்தக் கைகளைத் தீபாவளிக்குத் தீபாவளி பார்ப்பாள், சேலை வாங்க நீளும்போது மட்டும்.

திடீர் மழையில் மருந்து காயாமல் வேலை கெட்டுப் போயிருந்தது. பிறகு வெயில் அடித்தது. வெயிலோடு காற்றும் அடித்தது. ஆர்டர் கொடுத்தவர் லோடு எப்போது வரும் என்று போனில் பிடுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு எழுந்திருக்கிற நேரம். சம்முவத்தாயி இருந்த ஷெட்டில், தட்டில் மீதமிருந்த மருந்து உரசலில் பொசுக்கென்று பற்றிக்கொண்டது. அளவாக எடுத்து வைத்திருந்ததால் ஷெட்டு நின்றது. கூட இருந்தவள் எதிர் வாசல் வழியாகப் பாய்ந்துவிட்டாள். சம்முவத்தாயிக்கு வலது கை வெந்துவிட்டது. உயிருக்குப் பயமில்லை, ஆனால் விரல்கள் இனி மடங்காது என்று சிவகாசி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அவளை இரண்டு கையிலும் ஏந்தி வேனில் போட்டது தனுஷ்கோடிதான். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டையைப் பொன்னுத்தங்கம் ஊற வைத்துத் துவைத்தாள். மார்பில் ஒட்டியிருந்த வெள்ளி, சோப்பு நுரையோடு போகவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த அந்தச் சட்டையைப் பார்த்தபடி அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வாய் சாப்பிடுங்க. வெறும் வயித்தோட ஆஸ்பத்திரிக்கு வராதீக."

"எறங்க மாட்டேங்கு தங்கம்."

"ரசந்தான். சோறு வேண்டாம்னா குடிச்சிருங்க."

தம்ளரை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. "இன்சூரன்ஸ்ல இருந்து ஆளு வாரான். மதுரைக்காரன். நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துருதேன்னு சொன்னான்."

"வரட்டும். நாமதான் வருசம் தவறாமக் கட்டுறமே."

"கட்டாம லைசென்ச எவன் புதுப்பிப்பான்? கட்டிருக்கு. யாரு, என்ன வேல, எம்புட்டுச் சம்பளம், அம்புட்டையும் எழுதிக் குடுத்துத்தான் கட்டிருக்கு. சிக்கலே அதுலதான்."

"என்ன சிக்கல்?"

அவர் தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தப் பிள்ள பேரு சம்முவத்தாயி இல்ல."

பொன்னுத்தங்கம் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"சம்முவத்தாயி அவ அக்காகாரி. முந்தி அவதான் வேல பாத்தா. காரியாபட்டில கட்டிக் குடுத்தாக, போயிட்டா. மறு திங்கக்கெழம இந்தப் பிள்ள வந்து அதே எடத்துல உக்காந்துச்சு. பிளஸ் டூ முடிச்சிருந்துச்சு. அக்காகிட்டயே வேல படிச்சிருக்கும்போல, கை நல்லா ஓடுச்சு. புதுப் பேரு எழுதணும்னா பயிற்சி வகுப்புக்கு அனுப்பணும், சர்ட்டிபிகேட் வாங்கணும், இன்சூரன்ஸ்ல சொல்லி மாத்தணும். சீசன் நேரம். தீபாவளி முடியட்டும்னேன். அது முடிஞ்சது. அதுக்குள்ள அடுத்த தீபாவளி வந்துருச்சு."

"அந்தப் பிள்ளயும் ஒண்ணும் சொல்லலையா?"

"போர்மேன் மாரிக்கண்ணன் மொத நாளு 'சம்முவத்தாயி'ன்னு கூப்பிட்டு ஆள் கணக்கு எடுத்தான். இது 'ம்'ன்னுச்சு. அப்படியே போயிருச்சு. பெறகு எல்லாருக்கும் அதுதான் சம்முவத்தாயி."

"எனக்கும்தான்" என்றாள் பொன்னுத்தங்கம்.

காற்றில் கொடியில் இருந்த சட்டை எழும்பி எழும்பி விழுந்தது. அவர் பிடரியைத் தேய்த்துவிட்டுக்கொண்டு மீதியையும் சொன்னார். ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடப் பேர் கேட்டிருக்கிறார்கள். மாரிக்கண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சண்முகத்தாய் என்று சொல்லிவிட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அவன் வாய்க்குப் பழகின பேர் அதுதான். ஆதார் அட்டை கேட்டதும்தான் அவனுக்கே உறைத்திருக்கிறது. காரியாபட்டிக்குப் போன் போட்டு அக்காகாரியை வரச் சொல்லியிருக்கிறான். அவளும் தங்கச்சி கிடக்கிற கிடையைக் கேட்டுப் பதறி, தன் ஆதாரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள்.

"இப்பப் பாரு தங்கம். நம்ம ஆள் கணக்கு, இன்சூரன்சு, ஆஸ்பத்திரி, எல்லாத்துலயும் ஒரே பேரு. தானா அமைஞ்சிருச்சு. நாம ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கதுதான எனக்கு இத்தன வருசமா வேல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"துட்டு யாரு கணக்குல வந்து விழும்?" என்று கேட்டாள்.

"பேரு யாருதோ அவ கணக்குல. எடுத்துக் குடுத்துருவா. நல்ல பிள்ளதான், கூடப் பெறந்தவளுக்கு துரோகம் பண்ணவா போறா?"

"உள்ளதச் சொன்னா?"

"சொன்னா, இந்த ஆளுக்கு எங்கட்ட இன்சூரன்சே இல்லன்னு எழுதி முடிச்சிருவான். அவன் குடுக்காட்டியும் நாம குடுத்துத்தான் ஆகணும். சட்டம் மொதலாளியத்தான பிடிக்கும்? நம்ம மக ஆர்த்திக்குன்னு வாங்கிப் போட்ட எடம் போகும். போகட்டும். அதோட விடுவானா? பேரு மாத்தி ஆளு வச்சியான்னு லைசென்சுல கை வைப்பான். மத்த எட்டுப் பேரும் இந்தச் சீசன்ல எங்க போய் வேல கேப்பாக?"

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது. கெட்ட மனுசனாக இருந்தால் சண்டை போட்டாவது விடலாம்.

"நான் என்ன சொல்லணும்?"

"இந்தப் பிள்ளயத் தெரியுமான்னு கேப்பான். 'சம்முவத்தாயி, எங்கட்ட வேல பாக்குது'ன்னு சொல்லு. அம்புட்டுத்தான். நீதான ஓனரு?"

"பரவால்லியே, ஞாபகம் இருக்கே!" என்றாள். அந்த நிலையிலும் தனுஷ்கோடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரசத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

கல்யாணமான புதிதில் தன் பேரில் இரண்டு தொழில் நொடித்துப்போன பயத்தில், மூன்றாவதை அவர் மனைவி பேரில் தொடங்கினார். 'பொன்னுத்தங்கம் பயர் ஒர்க்ஸ்' என்று போர்டு எழுதி அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கேட் வரைக்கும். போர்டில் தன் பேரைப் பார்த்து அவளுக்கு வெட்கமாக வந்தது, ஆசையாகவும் இருந்தது. உள்ளே போகலாமா என்று கேட்டதற்கு, "அங்கன என்ன இருக்கு, வெயிலும் மருந்தும். உனக்கு எதுக்கு?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அதன் பிறகு வருசா வருசம் காகிதங்கள் மட்டும் அவளிடம் வந்தன. பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள்.

ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து தூக்குச்சட்டியில் வைத்துக்கொண்டு வேனில் ஏறினாள். சிவகாசி ரோட்டில் புழுதி எதிரே வந்து கண்ணாடியில் மோதியது. கடைகளில் அட்டைப் பெட்டிகள் அடுக்கி இருந்தன. அச்சகத்து வாசல்களில் அடுத்த வருசத்துக் காலண்டர் படங்கள் அதற்குள் காய ஆரம்பித்துவிட்டன. வருசத்துக்கு முன்னால் ஓடுகிற ஊர்.

"ஏங்க, அந்தப் பிள்ளயோட நெசப் பேரு என்ன?"

தனுஷ்கோடி கியரை மாற்றினார். யோசித்தார். "ஏதோ... செல்வின்னு முடியும். மாரிக்குத் தெரியும்."

பொன்னுத்தங்கம் வெளியே பார்த்துக்கொண்டாள்.

மாரிக்கண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தான். இவர்களைப் பார்த்ததும் எழுந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். "அக்கா, எந் நாக்கத்தான் அறுக்கணும்."

"ஏலே, அறுத்துராத. ஒம் பொண்டாட்டி பேராச்சும் சரியா வருதான்னு பாத்துட்டு அறு" என்றார் தனுஷ்கோடி.

"அண்ணாச்சி, எனக்குச் சத்தியமா அது வேணும்னு வரல..."

"தெரியும்லே. உக்காரு."

இன்சூரன்ஸ்காரர் முன்னாலேயே வந்திருந்தார். விக்னேஷ்வரன் என்று பேர். சின்ன வயசுதான், ஹெல்மெட்டில் அமுங்கின தலைமுடி, தோளில் பை. விபத்து நடந்த இடங்களாகவே பார்த்துப் பார்த்து முகத்தில் ஒரு அசதி இருந்தது.

"ஓனர் யாருங்க?"

"நான்தான் சார்" என்றார் தனுஷ்கோடி.

"இதுல பொன்னுத்தங்கம்னு இருக்கே."

"அது எங்க வீட்டம்மா. பேருக்கு."

"அப்ப அம்மாதான் சார் சொல்லணும். நீங்க எவ்வளவு சொன்னாலும் நான் எழுதிக்க முடியாது." பொன்னுத்தங்கத்தைப் பார்த்துக் கை கூப்பினார். "நீங்க அவங்களப் பாத்துட்டிருங்கம்மா. நான் டாக்டரைப் பாத்துட்டு வந்துருதேன். யாரு இவங்க, என்ன வேலை, எத்தனை வருசமா இருக்காங்க, அவ்வளவுதான். அஞ்சு நிமிசம்."

அவர் மாடிப்படி ஏறினார். தனுஷ்கோடி மனைவியைப் பார்த்தார். தூக்குச்சட்டி மூடியை அழுத்திச் சரி பார்ப்பதுபோல் அவள் கையை ஒரு தரம் தொட்டார். அந்தத் தொடுதலில் எல்லாம் இருந்தது. ஆர்த்திக்கு வாங்கின இடம், எட்டுப் பேர், கேட்டில் தொங்குகிற போர்டு.

தீக்காய வார்டில் கட்டிலுக்குக் கட்டில் கொசுவலை கட்டியிருந்தார்கள். ஓரத்துக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். வலது கை முழுவதும் கட்டு, தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. இவளைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"எந்திரிக்காத, படு. அக்காவ எங்க?"

"வெந்நி வாங்கப் போயிருக்காம்மா. நீங்க எதுக்கு இந்த வெயில்ல..."

"சோறு கொண்டாந்திருக்கேன். வாயத் தெற."

"அக்கா வந்து குடுப்பா, வச்சிருங்க" என்றவள், தன் இரண்டு கைகளையும் ஒரு தரம் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள்.

பொன்னுத்தங்கம் வலையைத் தூக்கி உள்ளே தலையை விட்டு ஊட்டினாள். அந்தப் பெண் மெதுவாக மென்றாள். புருவம் பொசுங்கியிருந்தது. கன்னத்தோரத்தில் இன்னும் கொஞ்சம் வெள்ளி மினுங்கியது. இத்தனை வருசம் சம்முவத்தாயி என்று தயங்காமல் கூப்பிட்ட வாய்க்கு இப்போது என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

"ஒறைப்பு ஜாஸ்தியா இருக்கா பிள்ள?"

"இல்லம்மா. நல்லாருக்கு. தீபாவளிக்குக் குடுப்பீகள்ல சேவு, அதுமாரி மெளகு தூக்கலா இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் அவளுக்குக் கன்னம் இழுத்து வலித்தது. கண்ணை மூடித் திறந்தாள்.

"அக்கா பாவம்மா" என்றாள். "அவ மாமியாகிட்டச் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டா. ராவெல்லாம் ஒக்காந்தே இருந்தா. துட்டு வந்தா அப்படியே எடுத்து உங் கையில குடுத்துருதேன்னு எந் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுறா. குடுப்பாம்மா. அவ குடுப்பா."

"பெறகு ஏன் மொகம் சுண்டிப் போயிருக்கு?"

"அவ குடுக்கா, நான் வாங்குறேன்னு ஆயிப்போகும்லம்மா. நாளைக்கு அவ வீட்ல ஒரு கல்யாணம், காச்சின்னா, இவளுக்கு அம்புட்டுத் துட்டு குடுத்தமேன்னு ஒரு வார்த்த வரும். எங் கை வெந்ததுக்கு அவ குடுத்ததாயிரும்."

பொன்னுத்தங்கம் அடுத்த வாய் சோற்றைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"சம்பளம் வாங்கும்போது நான் எங் கையெழுத்துப் போட்டதே இல்ல, தெரியுமாம்மா? அக்கா கையெழுத்துத்தான். மொத வாரம் அவளே சொல்லிக் குடுத்தா, கடேசி எழுத்துல ஒரு சுழி சுழிப்பா. அதயே போட்டுப் போட்டு, எங் கையெழுத்து எப்பிடி இருக்கும்னே மறந்துபோச்சு. வேன்ல ஒரு ஆளு வருவாக. லேபிள் ஒட்டுற கம்பெனி. அவுக கூட சம்முவத்தாயின்னுதான் கூப்பிடுவாக. அவுக வாயிலயும் அக்கா பேரான்னு நான் திரும்பிப் பாக்க மாட்டேன். திமிருன்னு நெனச்சிருப்பாக." கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "இனிமே எந்தக் கையெழுத்தும் போட முடியாது, விடுங்க."

எதிர்க் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டு முனகினார்கள். வெளியே காற்று ஊளையிட்டது. வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. விக்னேஷ்வரன் பையைத் திறந்து பேனாவைத் தேடியபடி வந்துகொண்டிருந்தார். பின்னால் தனுஷ்கோடி. அவருக்குப் பின்னால், உள்ளே வர மனசில்லாமல் தூணோடு ஒட்டி நின்ற மாரிக்கண்ணன்.

பொன்னுத்தங்கம் குரலைத் தாழ்த்தினாள். "இங்க பாரு பிள்ள. ஒங்கிட்ட மறைக்கல. உள்ளதச் சொன்னா இன்சூரன்சுக்காரன் குடுக்க மாட்டானாம். நாங்கதான் குடுக்கணும். குடுப்போம், ஆனா ஒரே மூச்சா முடியுமோ என்னமோ. கம்பெனியும் என்ன ஆகும்னு தெரியாது. இப்பிடியே விட்டா சுளுவா வந்துரும். அவரு என்னயத்தான் கேக்கப் போறாரு."

அந்தப் பெண் தூக்கி வைத்திருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன்னுடையதா என்று பார்ப்பதுபோல் இருந்தது.

"அம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றார் விக்னேஷ்வரன். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டார். "இவங்க பேரு சொல்லுங்க."

தனுஷ்கோடி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு நிமிசம் தம்பி" என்றாள் பொன்னுத்தங்கம். கையில் இருந்த சோற்றை அவளுக்கு ஊட்டினாள். வாய் ஓரத்தில் ஒட்டியதைத் துடைத்துவிட்டாள். அவள் விழுங்கும் வரை காத்திருந்தாள்.

"அன்னிக்குச் சேலைய வாங்கிட்டு நின்னுக்கிட்டு, என்னமோ சொல்ல வந்து பாதியில ஓடிட்டியே" என்றாள். "இப்ப வேன் ஒண்ணும் ஆரன் அடிக்கல. சொல்லு."

அந்தப் பெண் தலையைத் தூக்கினாள். முதலாளியைப் பார்த்தாள், காகிதத்தோடு இருந்தவரைப் பார்த்தாள். பிறகு பொன்னுத்தங்கத்தின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எம் பேரு பாண்டிச்செல்விம்மா. அவுக கேட்டா அதயே சொல்லுங்க. துட்டு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. எம் பேரயே எழுதச் சொல்லுங்க. கை என்னுதும்மா."